காகிதத்தில் ரூம்மேட்

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே வருகிற முதல் கேள்வி, "மாட்டினா ஜெயிலா?" என்பதுதான். பதில் நாட்டுக்கு நாடு மாறும். கத்தாரிலும் குவைத்திலும் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 7 ஆண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. சவூதியில் இதற்கென எழுதிவைத்த சட்டப்பிரிவு கிடையாது. ஷரியா அடிப்படையில் நீதிபதி தீர்மானிப்பார். மரண தண்டனை வரைக்கும் போகலாம். பஹ்ரைன் 1976-லேயே இதைக் குற்றப்பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் பொது ஒழுக்கம் பற்றிய பிரிவுகள் அங்கேயும் உண்டு. இந்தியாவில் 2018-ல் 377-க்கு எதிராக வந்த தீர்ப்பு நம் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறாது. எந்த மண்ணில் நிற்கிறோமோ அந்த மண்ணின் சட்டம்தான்.

இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருப்பது. தினசரி வாழ்க்கையில் பயம் வருகிற வழி வேறு: விசா.

கஃபாலா முறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிநாட்டு ஊழியர் அந்த நாட்டில் இருப்பதற்கே ஒரு ஸ்பான்சர் வேண்டும். பெரும்பாலும் அது முதலாளி. கத்தார் 2020-லும் சவூதி 2021-லும் வேலை மாறுவதைக் கொஞ்சம் சுலபமாக்கின. ஆனாலும் வேலை போனால் தங்கும் அனுமதியும் கூடவே போகிறது. எங்கள் தொழிலில் இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். சம்பளம், வீடு, இருப்பு எல்லாம் ஒரே கம்பியில் தொங்குகின்றன. அதை அறுக்க வழக்கு, சாட்சி எதுவும் தேவையில்லை, ஆபீஸில் ஒரு வதந்தி போதும்.

2017-ல் அபுதாபியில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் இருந்து வந்த இரண்டு பேரை ஒரு ஷாப்பிங் மாலில் கைது செய்தார்கள். பெண்கள் மாதிரி உடுத்தியிருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. முதலில் ஓராண்டு சிறை. மேல்முறையீட்டில் அது அபராதமாகக் குறைந்து, ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். யாரும் அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை, உடையே போதுமானதாக இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு பாலினமும் தோற்றத்தில் வேறொன்றுமாகப் போகிற திருநங்கை, திருநம்பிகளுக்கு விமான நிலையத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

மெடிக்கல் இன்னொரு வாசல். தங்கும் அனுமதிக்கான ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி தெரிந்தால் நாடுகடத்தல்தான். அதனால் சந்தேகம் இருப்பவர்கள்கூட அங்கே டாக்டரிடம் போகத் தயங்குகிறார்கள். நோயைத் தடுக்கப் போட்ட விதி, நோயை மறைக்கச் சொல்லிக் கொடுக்கிறது.

சரி, இத்தனைக்கும் நடுவே அங்கே எப்படித்தான் வாழ்கிறார்கள்? விடை கொஞ்சம் வேடிக்கையானது. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருப்பது அமீரகத்தில் 2020 வரை குற்றம். இரண்டு ஆண்கள் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வாடகை அப்படி, பேச்சுலர் ரூமில் ஆறு பேர் இருப்பதே சகஜம். நம் ஆட்கள் பலரும் அப்படித்தானே இருக்கிறார்கள்? அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஜோடி பத்து வருஷம்கூட நிம்மதியாக இருந்துவிடலாம்.

ஆனால் அந்தப் போர்வைக்கு ஒரு விலை உண்டு. ஆப்பில் பழகிய ஒருவர் படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டினால் போலீஸுக்குப் போக முடியாது, புகாரே வாக்குமூலமாகிவிடும். துணையை ஸ்பான்சர் செய்து அழைத்துவர முடியாது. மோசமான நாள் வந்தால் இன்னும் கஷ்டம். ஒருவர் இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப இந்தியத் தூதரகம் கேட்பது சட்டபூர்வ வாரிசுகளின் சம்மதக் கடிதத்தை. வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள். பத்து வருஷம் கூட இருந்தவர் காகிதத்தில் வெறும் ரூம்மேட். இந்தியாவுக்குத் திரும்பினாலும் இது முழுசாகத் தீராது. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க நம் உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது கொஞ்சம்தான். துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் தங்கள் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்க 2015 முதல் உயில் பதிவு வசதி இருக்கிறது. உயிலில் உறவுமுறையை நிரூபிக்க வேண்டியதில்லை. 'நண்பர்' என்று எழுதினாலே போதும்.