கண்ணாடி அன்னம் ஏன் உடைந்தது?

அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த கண்ணாடி அன்னம் ஒன்று, யாரும் தொடாமலேயே ஓர் இரவில் ‘டிக்’ என்ற ஒலியோடு கழுத்து முறிந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். பூனையின்மேல் பழி போடாதீர்கள்! உடைந்ததற்குக் காரணம், அது செய்யப்பட்ட நாள் முதலே அதனுள் ஒளிந்திருந்தது.

தபால்தலை, நாணயம் சேர்ப்பது போலவே, கையால் செய்த கண்ணாடிப் பொம்மைகளைச் சேர்ப்பதும் ஓர் இனிய பொழுதுபோக்கு. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லௌஷா என்ற சிற்றூரும், இத்தாலியில் வெனிஸ் நகரையடுத்த முரானோ தீவும் இக்கலைக்குப் பெயர் பெற்றவை. தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு, 1291-இல் கண்ணாடி உலைகளை முரானோவுக்கு மாற்றியது. லௌஷாவில் உலை தோன்றியது 1597-இல்.

லௌஷாக் கலைஞர் மேசை முன் அமர்ந்து, கண்ணாடிக் கோலையும் குழாயையும் எரிவாயுச் சுடரில் இளக்கி, ஊதியும் இழுத்தும் மானையும் அன்னத்தையும் உருவாக்குவார். முரானோக் கலைஞரோ, உலையிலுள்ள கண்ணாடிக் குழம்பை இரும்புக் கோலின் நுனியில் தேன்போலச் சுருட்டியெடுத்து, இடுக்கியால் கிள்ளி இழுத்துக் குதிரையாக்கிவிடுவார். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தக் குதிரை ஆறுவதற்குப் பல மணி நேரம் வேண்டும்!

ஏன் அவ்வளவு நேரம்? கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே வெளிப்புறம் முதலில் குளிர்ந்து கெட்டியாகிவிடும். உட்புறம் இன்னும் சூடாக இருக்கும். பிறகு உட்புறம் சுருங்க முயலும்போது, கெட்டியான வெளிப்புறம் இடங்கொடுக்காது. இந்த இழுபறி கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. இதையே ‘தகைவு’ என்கிறோம். அன்னத்தின் மெல்லிய கழுத்து விரைவில் ஆறும். தடித்த உடல் மெதுவாக ஆறும். இரண்டும் சேருமிடத்தில் தகைவு மிகுதி. அங்கே ஒரு சிறு கீறலும் இருந்து, இரவின் குளிரும் சேர்ந்தால் போதும், கதை முடிந்தது!

இதைத் தவிர்க்கவே, செய்த பொம்மையைச் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான அடுப்பில் வைத்து, மெல்ல மெல்லச் சூட்டைக் குறைப்பார்கள். அந்த வெப்பநிலையில் உருவம் கெடாது. ஆனால் உள்ளே அணுக்கள் சற்றே நகர்ந்து இறுக்கம் தளரும். சோதனைக்குழாய் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியிலும் சிலர் பொம்மை செய்கிறார்கள். சூடேறும்போது அது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவே விரிகிறது. எனவே தகைவும் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத தகைவைக் காண ஒரு சோதனை செய்வோமா? கணினியின் எல்.சி.டி. திரையிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி. திரையை வெண்மையாக்கி, போலராய்டு குளிர்கண்ணாடியின் வழியே பாருங்கள். அதை மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். இப்போது உங்கள் வடிவியல் பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் பாகைமானியை இடையில் பிடியுங்கள். வானவில் நிறங்கள் தோன்றுகின்றனவா? அடுத்து கண்ணாடிப் பொம்மையைப் பிடியுங்கள். நன்றாக ஆற வைத்த பொம்மை ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். கழுத்திலோ காலிலோ ஒளித்திட்டு பளிச்சிட்டால், அங்கே தகைவு இருக்கிறது!

அத்தகைய பொம்மையை வெந்நீரில் கழுவாதீர்கள். வெயில் நேராக விழும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வாங்கும்போது, அச்சில் வார்த்ததற்கு அடையாளமான இணைப்புக் கோடு உண்டா என்றும் பாருங்கள். கையால் செய்ததில் அது இராது. ஒவ்வொரு பொம்மைக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய இடம், நிறம், ஒளித்திட்டு தெரிந்த இடம் ஆகியவற்றைப் படம் வரைந்து குறியுங்கள். என்றேனும் ஒரு பொம்மை உடைந்தால், நீங்கள் குறித்த இடத்தில்தான் உடைந்ததா என்று பாருங்கள்!