ஐந்து கிலோ எடையுள்ள வழித்துணை

கூடாரம், படுக்கை, அடுப்பு, உணவு ஆகிய அனைத்தையும் ஒரே பையில் அடைத்து முதுகில் சுமந்துகொண்டு, காட்டுப் பாதைகளில் நாட்கணக்கில் நடக்கும் பழக்கம் அமெரிக்காவில் ஆழமாக வேரூன்றியது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும், சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் நெடும்பாதை இத்தகைய பயணங்களுக்குப் புகழ்பெற்றது. அங்கே நாயுடன் நடப்போரும் உண்டு. நாய் சிறியதாக இருந்தால் சுமையும் தொல்லையும் குறையும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், அது பாதி அளவே உண்மை.

பெரிய நாய், முதுகின் இருபுறமும் தொங்கும் பையில் தன் உணவைத் தானே சுமக்க வல்லது. சிறிய நாயின் உணவோ மனிதரின் முதுகுக்கு வந்துசேர்கிறது. அதன் அளவும் எதிர்பார்ப்பதைவிட அதிகம். அசையாமல் ஓய்ந்திருக்கும் உடலைப் பேணுவதற்கு மட்டும் செலவாகும் ஆற்றலைக் கால்நடை மருத்துவர்கள் ஓய்வுநிலைத் தேவை என்பர். இது 30 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 900 கலோரி என்றால், 5 கிலோ நாய்க்கு 235 கலோரி. எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தபோதும் தேவை நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே நிற்கிறது. நாள் முழுதும் மலையேறும்போது இத்தேவை இருமடங்கைத் தாண்டும் என்பதால், ஐந்து நாள் பயணத்துக்கு முக்கால் கிலோ உலர்தீவனமாவது வேண்டியிருக்கும். மிகச் சிறிய இன நாய்கள் பசியோடு நீண்ட நேரம் நடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடக்கூடும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிது சிறிதாக ஊட்டுவதே முறை.

சிற்றுடலுக்கு எடையோடு ஒப்பிடும்போது தோற்பரப்பு மிகுதி. அதனால் அது விரைவில் குளிர்ந்துவிடுகிறது. பனி படிந்த புல்வழியே நடக்கையில் மனிதருக்குக் காலணி மட்டுமே நனைய, குட்டைக்கால் நாய்க்கு வயிறு முழுதும் நனைந்துபோகிறது. வெயிலிலும் இடர் உண்டு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால், பக் போன்ற தட்டைமூக்கு இனங்களுக்கு ஏற்றமான பாதை ஏற்றதன்று. இதற்கு நேர்மாறானது ஜாக் ரஸ்ஸல் டெரியர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸல் நரிவேட்டைக்கென உருவாக்கிய இந்த இனம், ஓடிக் களைக்காது. ஆனால் கண்ணில் படும் வளைக்குள் எல்லாம் தலையை நுழைக்கும்.

மாலைதோறும் தவறாது செய்யவேண்டியது உண்ணி தேடல். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா விதையளவே இருப்பதால், காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்புறம் என முடியை விலக்கி விரலால் தடவித்தான் கண்டறிய இயலும். கடித்த உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்த பிறகே நோய்க்கிருமியைச் செலுத்துகிறது. எனவே அன்றன்றைக்கே தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்தெடுப்பது பெரிதும் பயன் தரும்.

சிறிய நாயின் மறுக்க முடியாத மேன்மை, அதைத் தூக்கிச் செல்ல முடிவதே. பாதம் வெட்டுப்பட்ட 30 கிலோ நாயைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது ஒருவரால் ஆகாத செயல். 5 கிலோ நாயை மார்போடு கட்டிக்கொண்டு ஓடையையும் கடக்கலாம். முதுகுப்புறம் கைப்பிடி தைத்த மார்புப்பட்டை இதற்கு உதவும். கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்குவது, சிற்றினங்களில் இயல்பாகவே வலுக்குறைந்த மூச்சுக்குழாயை நசுக்கிவிடும்.

தேசியப் பூங்கா நிலங்களில் 1.8 மீட்டருக்கு மேல் நீளாத வாரில் நாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. கரடியைக் கண்டு குரைத்துத் துரத்திய நாய், திரும்பி உரிமையாளரை நோக்கி ஓடிவரும்போது கரடியையும் அழைத்துவரக்கூடும் என்பதை எண்ணினால் இவ்விதி கடுமையானதாகத் தோன்றாது. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் செல்லும் நெடும்பாதைப் பகுதியில் நாய்க்கு அனுமதியே இல்லை. அப்பகுதியைக் கடக்கும் சில நாட்களுக்கு நாயைக் காப்பகத்தில் விட்டுச் செல்ல முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். கட்டாடின் மலை அமைந்துள்ள பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவிலும் வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லை. ஆதலால் ஜார்ஜியாவிலிருந்து உடன் நடந்துவந்த நாயையும் பூங்காவுக்கு வெளியே விட்டுவிட்டே கடைசிச் சிகரம் ஏறவேண்டியிருக்கிறது.