பழைய இயந்திரத்துக்கு மாற்று அதிர்வு சென்சார்: உருவம் பார்த்து வாங்கலாமா?

நம் கடைகளுக்கு வரும் சர்க்கரை, மைதா, ரவை, சமையல் எண்ணெய் எல்லாமே சுழலும் இயந்திரங்களின் உழைப்பால் வருபவை. சர்க்கரை ஆலையில் டர்பைன், மாவு ஆலையில் புளோயர், எண்ணெய் ஆலையில் பெரிய ஃபேன், குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரஸர் என்று இடத்துக்கு ஓர் இயந்திரம். ஆலையும் சேர்த்து நடத்தும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. ஆலைக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரிகளும், உதிரி பாகம் விற்பவர்களும் உண்டு. ஓர் இயந்திரம் சீசன் நடுவில் நின்றால் நஷ்டம் இவர்கள் எல்லோருக்கும்தான்.

இருபது, முப்பது ஆண்டு ஓடிய இயந்திரங்களில் இரும்பு கெட்டியாக இருக்கும். ஆனால் அதன் பேரிங் மீது பொருத்தியுள்ள சிறிய அதிர்வு சென்சார் பழுதாகிவிடும். சப்ளையரைக் கேட்டால், "அந்த மாடல் இப்போது வருவதில்லை" என்பார். உடனே பலரும் செய்வது, அதே உருவத்தில், அதே மரையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கி மாட்டுவது. இது எவ்வளவு ஆபத்தான சிக்கனம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

அதிர்வை ஏன் அளக்கிறார்கள்?

ஃபேன் இலைகளில் மாவு ஒட்டிப் படிந்தால் சமநிலை கெடும். மோட்டாரும் ஃபேனும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் கப்ளிங் இழுக்கும். அடித்தளப் போல்ட் தளர்ந்தாலும், பேரிங் தேய்ந்தாலும் இயந்திரம் அதிரும். பேரிங் கை பொறுக்காத அளவு சூடாவதற்கு முன்பே, பெரும்பாலும் அதிர்வு அதைச் சொல்லிவிடும்.

ரஷ்யாவில் சயானோ-சுஷென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று ஒரு டர்பைன் பெயர்ந்து எழுந்து, 75 பேர் இறந்தனர். அனுமதிக்கப்பட்ட அதிர்வு 160 மைக்ரான். விபத்துக்குச் சற்று முன் அது 840 மைக்ரானை எட்டியிருந்தது என்று விசாரணை அறிக்கை கூறியது. அங்கே அளவு கண்ணுக்குத் தெரிந்தும் இயந்திரம் நிறுத்தப்படவில்லை. பொருந்தாத சென்சார் மாட்டிய ஆலையிலோ, அந்த அளவுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

மூன்று வகைச் சரக்கு

வாங்குமுன் நம்மிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும்.

1) சுருள் வகை. உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். அதிரும்போது தானே மின்சாரம் உண்டாக்கும். வெளி மின்சாரம் தேவையில்லை. பழைய இயந்திரங்களில் அதிகம் காணப்படுவது இதுவே. சில மாடல்கள் படுக்கையாகவும், சில செங்குத்தாகவும் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்டவை.

2) படிக வகை. அழுத்தம் பட்டால் மின்னூட்டம் தரும் படிகம் உள்ளே இருக்கும். அசையும் பாகம் இல்லாததால் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் உள்ளேயே மின்னணுச் சுற்று இருப்பதால் இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சாதாரண மாடல்கள் தாங்குவதில்லை.

3) தொடாமல் அளக்கும் வகை. சர்க்கரை ஆலை டர்பைன் போன்ற வேக இயந்திரங்களில், சுழலும் சாஃப்டுக்கும் சென்சார் முனைக்கும் உள்ள இடைவெளியை இது அளக்கிறது. டொனால்ட் பென்ட்லி என்ற அமெரிக்கப் பொறியாளரின் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. 1961இல் நெவாடா மாநிலத்தின் மிண்டன் ஊருக்குக் குடிபெயர்ந்த அந்நிறுவனம் பென்ட்லி நெவாடா எனப்பட்டது. 2002இல் ஜெனரல் எலக்ட்ரிக் அதை வாங்கியது. இப்போது அது பேக்கர் ஹியூஸ் நிறுவனத்தின் பகுதி. பழைய கேட்லாக்கில் ஒரு பெயரும் இன்றைய பில்லில் வேறு பெயரும் இருப்பதற்கு இப்படிக் கைமாறியதே காரணம்.

ஒரு சிறு கணக்கு

பழைய சுருள் சென்சார் ஒன்று, நொடிக்கு 1 மி.மீ. அதிர்வுக்கு 20 மில்லிவோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பரவலாக வழங்கும் அளவுதான். அதன் இடத்தில் இப்போது எளிதில் கிடைக்கும் படிக வகை வேக சென்சாரை வாங்குகிறோம். இது கொடுப்பது 4 மில்லிவோல்ட். அதற்கு வேண்டிய மின்சாரத்தையும் கொடுத்து மாட்டிவிட்டோம். மீட்டரை மட்டும் மாற்றவில்லை.

இயந்திரம் உண்மையில் 10 மி.மீ. வேகத்தில் அதிர்கிறது. புதிய சென்சார் 40 மில்லிவோல்ட் அனுப்புகிறது. 20க்கு 1 என்றே பழகிய மீட்டர் அதை 2 மி.மீ. என்று காட்டுகிறது.

உறுதியான அடித்தளத்தில் நிற்கும் 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 10816-3 என்ற தரக்குறிப்பு வகுத்த அளவு இது: 2.8 மி.மீ. வரை நீண்ட நாள் ஓடலாம், 4.5க்கு மேல் போனால் சேதம் உண்டாகும். (2022இல் ஐ.எஸ்.ஓ. 20816-3 அதன் இடத்துக்கு வந்தது.) நம் கணக்கில் இயந்திரம் ஆபத்து எல்லையின் இரு மடங்குக்கு மேல் ஆடுகிறது, மீட்டரோ "நன்றாக ஓடுகிறது" என்கிறது. அலாரம் அடிக்காது. ஆபரேட்டர் நிம்மதியாக இருப்பார். சென்சார் இல்லாத இயந்திரத்தையாவது ஆபரேட்டர் தொட்டுப் பார்ப்பார், காது கொடுத்துக் கேட்பார். பொய் சொல்லும் சென்சார் அந்த எச்சரிக்கையையும் கெடுத்துவிடும்.

தராசு வாங்கும்போது தட்டின் பளபளப்பை நாம் பார்ப்பதில்லை, முத்திரையைப் பார்க்கிறோம். சென்சாரும் ஒரு தராசுதான்.

எங்கே, எப்படி வாங்குவது?

வழிகள் நான்கு. முதலாவது, அதே தயாரிப்பாளரின் இன்றைய மாடல். விலை அதிகம், ஆனால் பழைய எண்ணைச் சொன்னால் அதற்கு ஈடான புதிய எண்ணை அவர்களே எழுத்தில் கொடுப்பார்கள். இரண்டாவது, வேறு தயாரிப்பாளரின் ஈடான சரக்கு. அளவுகள் முழுவதும் ஒத்திருந்தால் இதில் தவறில்லை. மூன்றாவது, மூடிய ஆலைகளிலிருந்து வரும் உபரி அல்லது பழுது பார்த்த சரக்கு. அவசரத்துக்கு உதவும், சோதனைச் சான்று இல்லாமல் வாங்கக் கூடாது. நான்காவது, சென்சார், கேபிள், மீட்டர் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது. மீட்டரும் பழையதாகிவிட்டால், கூட்டிக் கழித்துப் பார்க்கையில் இதுவே மலிவாக முடியலாம்.

தொடாமல் அளக்கும் வகையில் இன்னொரு கண்ணி உண்டு. முனை, நீட்டிப்புக் கேபிள், மின்னணுப் பெட்டி மூன்றும் சேர்ந்தே ஒரு சரக்கு. மொத்த நீளம் 5 மீட்டர் அல்லது 9 மீட்டர் என்று கணக்கிட்டே அளவு சரிசெய்யப்பட்டிருக்கும். மிச்சக் கேபிள் அசிங்கமாகத் தொங்குகிறதே என்று வெட்டினால் அளவு கெடும். சுருட்டிக் கட்டிவைக்க வேண்டும். பழைய 7200 வரிசை முனையை 3300 வரிசைப் பெட்டியுடன் இணைக்கக் கூடாது. 3300 வரிசைக்கும் 3300 எக்ஸ்.எல். வரிசைக்கும் இடையே, 5 மி.மீ., 8 மி.மீ. முனைகளில் மாற்றிக்கொள்ளலாம். சாஃப்டின் உலோகமும் முக்கியம்: பெட்டி 4140 என்ற எஃகு வகைக்கே அளவு செய்யப்பட்டு வரும். சாஃப்ட் வேறு உலோகமானால் ஆர்டரிலேயே சொல்ல வேண்டும்.

கொட்டேஷன் கேட்கும்போது எழுத வேண்டியவை

1) பழைய சென்சாரின் முழு எண். முதல் நான்கு இலக்கம் போதாது; கடைசிக் கோடு வரை எழுத வேண்டும்.
2) ஓர் அலகு அதிர்வுக்கு எத்தனை மில்லிவோல்ட்? 4 முதல் 20 மில்லி ஆம்பியர் தரும் வகையானால், 20க்கு நேரான அதிர்வு அளவு எவ்வளவு?
3) காட்டும் அளவு உச்ச அளவா, சராசரி வர்க்கமூல அளவா? சீரான அதிர்வில் முதலாவது இரண்டாவதைப் போல் 1.41 மடங்கு.
4) இயந்திரத்தின் வேகம். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 10. பல சுருள் சென்சார்கள் இதற்குக் கீழே சரியாகப் பேசுவதில்லை.
5) வெப்பம், தூசி, தண்ணீர். எண்ணெய் பிரித்தெடுக்கும் ஆலையில் ஹெக்சேன் ஆவி இருக்குமாதலால், தீப்பொறி அபாயச் சான்று பெற்ற மாடல்தான் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமேயில்லை.
6) மரை அளவும் இணைப்பு முனையும். இவை அவசியம்தான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை.

சரக்கு வந்ததும்

மூட்டையைக் குத்திப் பார்க்காமல் நாம் அரிசி இறக்குவதில்லை. சென்சாரையும் மாட்டுமுன் சோதிக்க வேண்டும். படிக வகைக்குக் கையடக்க அதிர்வுக் கருவி உண்டு. அது தெரிந்த ஓர் அதிர்வைக் கொடுக்கும், மீட்டர் அதே அளவைக் காட்ட வேண்டும். தொடாமல் அளக்கும் வகையில், மைக்ரோமீட்டர் கொண்டு இடைவெளியை 0.25 மி.மீ. மாற்றினால், வழக்கமான மாடல்களில் ஏறத்தாழ 2 வோல்ட் மாறும். சோதனையைச் சென்சாரோடு நிறுத்தாமல், கேபிள் வழியாக மீட்டர் வரை, அலாரம் அடிக்கும் வரை செய்ய வேண்டும். முடிவைத் தேதியிட்டு எழுதிவைத்தால் அடுத்த முறை வாங்குபவருக்கு அதுவே வழிகாட்டி.

இன்னொன்று: பழையது உயிரோடு இருக்கும்போதே மாற்றைத் தேட வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். சீசன் நடுவில் தேடினால் எது கையில் கிடைக்கிறதோ அதைத்தான் வாங்குவோம். பருவம் முடிந்து ஆலை நிற்கும் நாட்களில் எல்லாச் சென்சார்களின் எண்களையும் பட்டியலெடுத்து, முக்கிய இயந்திரத்துக்கு ஒன்றாவது இருப்பு வைப்பது நல்லது.

உதிரி பாகம் விற்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று சொல்லி விற்பது எளிது. அளவு ஒத்துவருமா என்று தெரியாவிட்டால், கேட்டுச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் தவணை வாங்குவதே நாணயம். அந்த மீட்டரை நம்பித்தான் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தொழிலாளி நிற்கிறார்.