உட்காரும் இடம் முதலில், ஆணி பிறகு

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்து உள்ளே போனால், பட்டாசாலை என்கிற கூடத்தின் சுவர் உச்சியில் ஒரு வரிசைப் படங்கள் இருக்கும். காலமான தாத்தா பாட்டி, கல்யாண போட்டோ, முருகன், லட்சுமி, ஆண்டாள் ரெங்கமன்னார் எல்லாரும் வாசல் நிலைக்கு மேலே, ஏழடிக்கும் கூடுதலான உயரத்தில், முன்னால் சாய்ந்தபடி நம்மைப் பார்ப்பார்கள். அதே வீட்டுக்கு டைல்ஸ் பதித்து, சோபா செட்டும் டீப்பாயும் வாங்கிப் போட்ட பிறகும் படங்கள் மட்டும் அந்த உயரத்தை விட்டு இறங்குவதில்லை. புது வீட்டிலும் ஆணி அடிக்க வருபவர் ஒரு வார்த்தை கேட்காமல் ஏணி போட்டு ஏறிவிடுகிறார். உட்காரும் விதத்தை மாற்றிக்கொண்ட நாம், பார்க்கும் உயரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எவ்வளவு செலவழித்தும் நம் ஹால்கள் எடுப்பாக அமையாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று சொல்வேன்.

முன்னோர் அவ்வளவு உயரத்தில் மாட்டியதில் தப்பு எதுவும் இல்லை. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அது சரி. நாற்காலி அபூர்வமாக இருந்த காலத்தில் பட்டாசாலையின் புழக்கம் முழுவதும் தரையில்தான். பகலில் அங்கே இலை போட்டார்கள், இரவில் அங்கேயே பாய் விரித்தார்கள். உட்கார்ந்தவர்கள் சுவரில் சாய்ந்ததால், சுண்ணாம்புப் பூச்சில் இடுப்பு உயரத்துக்குத் தலை எண்ணெய்க் கறை படிந்திருக்கும். அதற்கு மேலே மாடக்குழி, துணிக்கொடி. யார் முதுகும் உரசாமல், பிள்ளைகள் கையும் எட்டாமல் மிஞ்சிய இடம் நிலைக்கு மேலே மட்டும்தான். தரையில் அமர்ந்தவரின் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும்போது, சுவரோடு ஒட்டிய படத்தின் கண்ணாடியில் முற்றத்து வானத்தின் வெளிச்சம் அடித்து முகம் மறைந்துவிடும். அதற்காகத்தான் சட்டத்தின் அடிப்பாகத்தை இரண்டு ஆணிகளில் உட்கார வைத்து, மேல்பாகத்தைக் கயிற்றில் முன்னே சாய விட்டார்கள். பின்னால் காற்றும் போகும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் அடித்தாலும் அந்த ஈரம் படத்தை அவ்வளவாகத் தொடாது. உயரம், சாய்வு இரண்டுக்குமே கணக்கு இருந்தது.

மாட்டிய படங்களும் அந்த உயரத்துக்கு ஏற்றவையே. 1894இல் ஓவியர் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தின் சாமி படங்கள் வீடுவீடாகப் போனதற்குப் பிறகு, இந்தப் பக்கத்துச் சுவர்களை ஆண்டவை சிவகாசி காலண்டர்கள். அந்தக் காலண்டர்களுக்காகக் கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு (1898-1976) ஒரு காலத்தில் நாடக சபாவுக்குத் திரைச்சீலை எழுதியவர். கடைசி வரிசைக்காரருக்கும் தெரிகிற மாதிரி வரைந்து பழகிய கை அது. நேர்முகம், பெரிய கண்கள், அழுத்தமான வண்ணம். வருடம் முடிந்ததும் தேதித் தாளைக் கழற்றிவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினால், வாசலில் நிற்பவருக்கே அது தெரியும். இன்று நாம் வாங்குகிற படங்கள் வேறு வகை. தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கு வேலைப்பாடு, நீர்வண்ணத்தில் ஒரு மலைக்காட்சி, மகள் வரைந்த பென்சில் படம் என எல்லாமே கிட்ட நின்று பார்க்க வேண்டியவை. அவற்றைக் கொண்டுபோய் ஏழடிக்கு மேலே மாட்டினால், பல்லிக்கு ஒளிய இடம் கிடைத்ததுதான் மிச்சம்.

அப்படியானால் சரியான உயரம் எது? நிற்பவரின் கண் சுமார் ஐந்தடியில் இருக்கும். அதனால் பல அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வருமாறு மாட்டுகிறார்கள். அங்கே மக்கள் நின்றும் நடந்தும் பார்க்கிறார்கள், அதற்கு அது பொருந்தும். வீட்டில் நாம் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறோம். நாற்காலியில் அமர்ந்தவரின் கண் நான்கடிக்குச் சற்றுக் கீழே வரும். எனவே எங்கே உட்காரப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஆணி அடிக்கவே கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து நெசவாளர் வீடுகள் இந்த வரிசைமுறைக்கு நல்ல சான்று. நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வெளிச்சம் பார்த்துத் தறிக்குக் குழி தோண்டுகிறார்கள். மற்ற சாமான்கள் அதற்கு ஒதுங்கிக்கொள்கின்றன. நம் ஹால்களிலோ சோபா ஒரு சுவரில், ஒற்றை நாற்காலிகள் எதிர்ச் சுவரில், பீரோவும் ஷோகேஸும் மிச்சமுள்ள சுவர்களில். பேசுகிறவர்கள் அறையின் இரு கோடிகளிலிருந்து குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. விசேஷத்துக்கு நடுவிடம் காலியாக வேண்டுமே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கனமான சோபாவை மட்டும் சுவரோரம் விட்டு, எடை குறைந்த நாற்காலிகளை அதற்குப் பக்கவாட்டில் ‘ட’ வடிவில் இழுத்துப் போட்டால், வளைகாப்பு அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிவிடலாம். வருஷத்தில் நாலு நாளுக்காக மற்ற நாளெல்லாம் தள்ளித் தள்ளி உட்கார வேண்டியதில்லை.

சாமி படத்தையும் பெரியவர்கள் படத்தையும் தலைக்குக் கீழே கொண்டுவருவது மரியாதையா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வளாகமே பதில் சொல்கிறது. அங்கே வடபத்ரசாயிப் பெருமாள் சன்னதி மேல்தளத்தில் இருக்கிறது. பெருமாளை உயரத்தில் வைத்தவர்கள், பக்தரைக் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க விடவில்லை. படி கட்டி ஏற்றி, எதிரே நிறுத்தி சேவிக்க வைத்தார்கள். உயர்ந்த இடத்தில் இருப்பதும் முகத்தை நேரே காண்பதும் சேர்ந்தே நடக்கின்றன. வீட்டில் படி கட்ட முடியாது என்பதால், நின்று கும்பிடும் சாமி படத்தை நிற்பவரின் கண்ணுக்கு நேராகவோ ஒரு சாண் மேலாகவோ வைப்பதே அந்த முறைக்கு நெருக்கமானது. தலை உரசும் இடத்திலும் கால் நீட்டும் பக்கத்திலும் வைக்காமல் இருந்தால் மரியாதைக்கு எந்தக் குறையும் வராது. வாஸ்து பார்க்கிறவர்களுக்கும் இதில் சங்கடமில்லை. படங்கள் விஷயத்தில் வாஸ்து பெரும்பாலும் திசையைப் பற்றித்தான் பேசுகிறது. தெற்குச் சுவரில் மாட்டச் சொன்ன தாத்தா படத்தைத் தெற்குச் சுவரிலேயே இரண்டடி இறக்கலாம்.

சின்ன வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் இதெல்லாம் ஒத்துவருமா என்றும் கேட்பார்கள். மில் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் பத்துக்குப் பத்து அறையில்தான் இது கூடுதலாக உதவும். நாலு சுவரிலும் சிதறிக் கிடக்கிற படங்களை ஒரே சுவரில் நெருக்கமாகச் சேர்த்தால் மற்ற மூன்று சுவர்களும் ஓய்ந்து, அறை பெரிதாகத் தெரியும். ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடாவிட்டால், அலமாரியின் மேலோ மேசையின் மேலோ படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். மேற்கு ஜன்னல் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிற வீடாக இருந்தால், அந்தச் சுவரில் எதையும் மாட்டாமல் விடுவதே நல்லது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முறை எளிது. முதலில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். படத்தின் அளவுக்கு ஒரு செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். சோபாவுக்கு மேலே மாட்டுவதானால், சோபா முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரைத் தவிர்த்தால் கண்ணாடி கூசாது. ஒரு ஆணிக்குப் பதில் இரண்டு ஆணியில் மாட்டினால் ஆடிக் காற்றுக்கும் படம் கோணாது. அடிப்பக்க மூலைகளில் சிறு தக்கை ஒட்டிவிட்டால், பழைய சாய்வு தந்த காற்றோட்டம் ஓரளவு கிடைக்கும். கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பயந்து வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பதும் நல்லது. டி.வி. மாட்டும்போது சோபாவில் ஒருவரை உட்கார வைத்து உயரம் பார்க்கிறோம். அந்த அக்கறையில் பாதியையாவது தாத்தா பாட்டி படத்துக்கும் காட்டுங்கள்.