நக்ஷா பாஸ் ஆகும் வழி

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கும்வரை வீடு கட்டும் கவலை நமக்குக் கிடையாது. குழாய் ஒழுகினால் மத்தியப் பொதுப்பணித் துறையில் புகார் கொடுப்போம், ஆள் வருவார். பால்கனியை அடைத்து அறை போட்டுக்கொள்ள மட்டும் யாருக்கும் உரிமையில்லை. ஒதுக்கீடே ரத்தாகிவிடக் கூடும். ஓய்வு பெற்று, ஜனக்புரியிலோ கரோல்பாகிலோ பழைய வீடொன்றை வாங்கிய பிறகுதான் ‘நக்ஷா பாஸ்’ (கட்டட வரைபட அனுமதி) என்ற பேச்சு நம் கூடத்துக்குள் வருகிறது. முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர்கள்கூட இந்தக் கோப்பில் திணறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அனுமதி தேவைதானா என்று பாருங்கள். 2016 மார்ச்சில் வந்த தில்லி ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி வெள்ளையடிக்கவும், பூச்சு வேலைக்கும், தரை மாற்றவும், அதே உயரத்தில் கூரையைப் புதுப்பிக்கவும், சொந்த மனைக்குள் 75 செ.மீ. வரை சன்ஷேடு வைக்கவும் அனுமதி வேண்டாம். அறை சேர்த்தாலோ, மாடி எழுப்பினாலோ, இடித்துக் கட்டினாலோ வேண்டும்.

அடுத்தது பத்திரம். பல மனுக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. தில்லியில் வெறும் பவர் பத்திரத்திலேயே எத்தனையோ வீடுகள் கைமாறியிருக்கின்றன. அதனால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனை தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) குத்தகையில் இருந்தால் குத்தகைப் பத்திரம் வேண்டும். ஃப்ரீஹோல்டாக மாற்றியிருந்தால் அதற்கான கன்வேயன்ஸ் டீடு. பத்திரத்தில் உள்ள அளவும் மனையின் அளவும் ஒன்றுதானா என்று நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

பிறகு ஆர்க்கிடெக்ட். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். அவருடன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் ஒருவரைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தில்லி இருப்பது நிலநடுக்க மண்டலம் நான்கில். பழைய ஒற்றைச் செங்கல் சுவரின் மேல் இரண்டாவது மாடியை ஏற்றலாமா என்பதை, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும். இந்த நடைமுறை முழுவதிலும் நம் பிள்ளைகளின் உயிரைக் காப்பது அந்த ஒரு கையெழுத்துதான்.

வரைபடத்தில் அடிப்படையான சில கணக்குகள் உண்டு. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டால் வீடு 17.5 மீட்டர் வரை உயரலாம். இல்லையேல் 15 மீட்டர்தான். மனை 100 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஹௌஸ் காஸ், கிரீன் பார்க் பக்கம் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை தனி அனுமதி வாங்க வேண்டும். மனையில் மரம் நின்றால் வனத்துறையைக் கேட்காமல் வெட்டாதீர்கள்.

மனுவை ஆர்க்கிடெக்ட் இணையத்தில் ஏற்றுவார். ஜனக்புரி, கரோல்பாக் எல்லாம் தில்லி மாநகராட்சி; நாம் விட்டு வந்த லக்ஷ்மிபாய் நகரோ புதுதில்லி நகராட்சியின் (என்.டி.எம்.சி.) எல்லை. மனை 105 சதுர மீட்டருக்குள் இருந்தால் ‘சரல்’ என்ற எளிய முறை இருக்கிறது: வரைபடத்தையும் கட்டணத்தையும் செலுத்தித் தகவல் தந்தாலே போதும். பெரிய மனைகளுக்கு முடிவு சொல்ல 30 நாள் கெடு. கட்டுமானச் செலவு சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டினால் தொழிலாளர் நல வரி ஒரு சதவீதம் தனி.

அனுமதி கைக்கு வந்ததும் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். பேஸ்மட்டம் எழுந்ததும் மறுபடி தெரிவிக்க வேண்டும். இடித்த மலபாவை (இடிபாடுகளை) தெருவில் கொட்டினால் அபராதம். குளிர்காலத்தில் காற்று மாசு ஏறி, படிப்படியாக இறுக்கப்படும் மாசுக் கட்டுப்பாடுகள் மூன்றாம் கட்டத்தை எட்டினால் தோண்டும் வேலை முதல் பலவும் நிறுத்தப்படும். ஆகவே அஸ்திவாரத்தையும் கூரை கான்கிரீட்டையும் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

கிரகப்பிரவேசத்தோடு பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். நிறைவுச் சான்றிதழ் இல்லாவிட்டால், நாளை விற்கும்போதும் கடன் கேட்கும்போதும் அலைவது உங்கள் பிள்ளைகள்தான். அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஆர்க்கிடெக்டின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.