மீட்டரில் இருக்கிறது, மோட்டாருக்கு வரவில்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. நண்பரின் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் மண்பாதையில், ஐப்பசி மழையில் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியது. ஃபோர் வீலுக்கான திருகைத் திருப்பினேன். டேஷ்போர்டில் விளக்கு கண் சிமிட்டியது. நிலைத்து எரியவே இல்லை. வண்டியை அங்கேயே விட்டு, நனைந்துகொண்டே நடந்தோம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். ‘வோல்டேஜ் குறைவு’ என்று ஒரு கோடு. பேட்டரியில் 12.5 வோல்ட், கப்ளரைக் கழற்றி, ஃபோர் வீலை இயக்கும் மின்னணுப் பெட்டியான மாட்யூலுக்கு வரும் ஒயரில் வைத்தால் 12.4. “சப்ளை சரியா வருது சார், மாட்யூல்தான் போயிருக்கு” என்றார்கள். சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. பழுதில்லாத மாட்யூலை இப்படிக் கழற்றி எறிவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கம்பி இருக்கும். கையால் இழுத்தால் முன்சக்கரத்துக்கும் இழுவை போய்விடும். இப்போது பல வண்டிகளில் அந்தக் கைவேலையை ஒரு சின்ன மின்மோட்டார் செய்கிறது. இழுவையை முன்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின்மேல் உட்கார்ந்திருக்கும் அதற்குக் கட்டளை தருவது மாட்யூல். மோட்டார் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு சென்சார் திருப்பிச் சொல்லும். மோட்டார் சுழலும் அந்தச் சில நொடிகளில் பல ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அப்போது வோல்டேஜ் சரிந்தால் பாதியில் கியர் சிக்கிவிடும் என்பதால், பல மாட்யூல்கள் சுமார் 9 வோல்ட்டுக்குக் கீழே மோட்டாரை அசைக்கவே மறுக்கும். கெட்டுப்போனதால் வரும் மறுப்பல்ல இது, எச்சரிக்கையால் வருவது.

மாட்யூலுக்கு உயிர் தருபவை மூன்று ஒயர்கள். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக எப்போதும் வரும் மெயின் லைன், சாவி போட்டால் மட்டும் வரும் இக்னிஷன் லைன், பாடிக்குப் போகும் எர்த். ஜெர்மானிய முறைப்படி வரைந்த ஒயரிங் படங்களில் இவற்றுக்கு 30, 15, 31 என்று எண்கள் போட்டிருக்கும். முதல் இரண்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எர்த்தைக் கண்ணால் பார்த்து, போல்ட் இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

12.4 காட்டிய மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒயரின் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அந்தச் சொட்டு மின்சாரம் தடையில்லாமல் வந்துசேரும். வோல்டேஜ் இருப்பது வேறு, சுமை ஏறும்போது அது நிற்பது வேறு. களிம்பு பிடித்த ஒரு முனையில் அரை ஓம்கூட வேண்டாம், 0.36 ஓம் தடை போதும். பத்து ஆம்பியர் ஓடினால் அந்த இடத்திலேயே 3.6 வோல்ட் தொலைந்துவிடும்.

அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் இதற்கு ஹெட்லைட் பல்பைப் பயன்படுத்துவார்கள். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். கப்ளரைக் கழற்றி, மாட்யூலுக்கு வரும் மெயின் லைனுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பல்பைக் கோத்தால் நன்றாகப் பிரகாசிக்க வேண்டும். மங்கினால் அந்த ஒயரில் கோளாறு. பேட்டரி பாசிட்டிவுக்கும் எர்த் முனைக்கும் இடையே மாற்றிக் கோத்தால் எர்த்தின் யோக்கியதை தெரிந்துவிடும். சென்சார் ஒயர்களிலும் ஏர்பேக் ஒயர்களிலும் மட்டும் இந்தப் பல்பை ஒருநாளும் வைக்கக் கூடாது, பெரும் சேதமாகிவிடும். கப்ளரின் முன்பக்கமாகத் தடித்த ஊசியைச் செருகினால் உள்ளிருக்கும் முனை அகன்று, இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நாமே உண்டாக்கிவிடுவோம். பின்பக்கமாக மெல்லிய ஊசி விட வேண்டும்.

என் வண்டியைக் கடைசியில் பார்த்தவர் குன்னூர்ப் பக்கத்து எலெக்ட்ரீஷியன், வயதானவர். ஸ்கேனரில் அவர் கவனித்தது இன்னொன்றை. வோல்டேஜ் குறைவு என்று ஃபோர் வீல் மாட்யூல் மட்டும்தான் புகார் செய்திருந்தது, எஞ்சின் மாட்யூல் செய்யவில்லை. பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ பலவீனமாக இருந்தால் இரண்டுமே முனகியிருக்கும். ஒன்று மட்டும் முனகினால் அதன் சொந்த ஒயரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மற்ற மாட்யூல்கள் ‘ஃபோர் வீல் மாட்யூலோடு தொடர்பில்லை’ என்று யு0102 கோடு காட்டும்போதும் இதே நியாயம்தான்: பேசாதது செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன், அதற்குச் சோறு போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கப்ளரை மாட்டியபடியே மீட்டரின் கறுப்பு ஒயரைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தார். சிவப்பை மாட்யூலின் எர்த் முனையில் பின்பக்கமாகச் செருகினார். “இப்போ திருப்புங்க தம்பி.” திருப்பினேன். நல்ல எர்த்தாக இருந்தால் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் 3.6-க்கு ஏறியது. சுமையில் பேட்டரி 12.2. அதில் 3.6 போக மாட்யூலுக்குக் கிடைத்தது 8.6 வோல்ட். மறுத்ததில் என்ன தவறு?

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், கார்ப்பெட்டுக்கு அடியில் போய் முடிந்தது. கார்ப்பெட் ஈரமாக இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு, சுற்றிலும் துரு. தகடு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். புது முனை வைத்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தால் 0.04. திருகைத் திருப்பினேன், அடியில் ‘டொக்’கென்று கியர் விழுந்த ஓசை கேட்டது, விளக்கு நிலைத்து எரிந்தது.

அத்தோடு அவர் விடவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி முன்கண்ணாடிமேல் ஊற்றினார். கண்ணாடி ரப்பரின் இடது மூலையில் வெடிப்பு. அங்கிருந்து கசிந்து, ஒயரிங் கட்டு வழியாகவே இறங்கி, சரியாக அந்தப் போல்ட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாள் ஆனது. அதுவரை கார்ப்பெட்டை உரித்து வெயிலில் காயப்போட்டிருந்தோம்.