உலகக் கோப்பைக்குக் கீழே அல்ல

கால்பந்து என்றாலே நம் பேச்சு உலகக் கோப்பையில் தொடங்கி உலகக் கோப்பையிலேயே முடிந்துவிடுகிறது. ஆப்பிரிக்கக் கோப்பையும் ஆசியக் கோப்பையும் அதற்கு முந்தைய ஒத்திகைகள், அங்கே வெல்ல முடியாதவர்களுக்கு வைத்திருக்கும் ஆறுதல் பரிசுகள் என்ற எண்ணம் விளையாட்டுப் பக்கங்களில்கூட ஊறிப்போயிருக்கிறது. இந்தக் கணக்கு தவறு. 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கோப்பைகளை 8 நாடுகளே பங்கிட்டுக்கொண்டன. அவற்றில் 5 ஐரோப்பிய நாடுகள், 3 தென் அமெரிக்க நாடுகள். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆப்பிரிக்கக் கோப்பையையோ 15 நாடுகள் வென்றிருக்கின்றன. ஒரு நாடு தன் துயரத்தையும் கோபத்தையும் தன்மானத்தையும் ஆடுகளத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே அதற்கொரு முடிவும் காணக்கூடிய இடம் கண்டக் கோப்பைதான் என்பது என் வாதம்.

ஆப்பிரிக்கக் கோப்பை பிறந்த விதமே இதற்கு முதல் சான்று. 1957 பிப்ரவரியில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து தங்கள் கூட்டமைப்பைத் தொடங்கின. ஐரோப்பியக் கோப்பை பிறக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. வெள்ளையர் மட்டுமே உள்ள அணியையோ கறுப்பர் மட்டுமே உள்ள அணியையோதான் அனுப்புவோம் என்றது தென்னாப்பிரிக்கா. மற்ற மூவரும் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா இல்லாமலே போட்டி நடந்தது. மொத்தம் இரண்டே ஆட்டங்கள். இறுதி ஆட்டத்தில் எத்தியோப்பியாவை எகிப்து 4-0 என வென்றது. நான்கு கோல்களையும் அடித்தவர் அத்-திபா. இரண்டு ஆட்டங்களில் முடிந்த ஒரு போட்டியைப் பெரிதாகப் பேசலாமா என்று கேட்கலாம். பேசத்தான் வேண்டும். நிறவெறிக்கு எதிராக அந்த மூன்று நாடுகள் எடுத்த முடிவுக்கு உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வந்து சேர 1961 ஆனது. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்கு விதித்த தடையையும் 1963-இல் நீக்கி, மறு ஆண்டே திரும்ப விதித்து, 1976-இல்தான் ஒரேயடியாக வெளியேற்றியது.

அந்தக் கதையின் மறுபாதி 1996-இல் வந்தது. நிறவெறி ஆட்சி ஒழிந்த தென்னாப்பிரிக்கா முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடியது. போட்டியை நடத்த வேண்டிய கென்யா அந்த வாய்ப்பை இழந்ததால் சொந்த மண்ணிலேயே ஆடியது. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் அடுத்தடுத்து இரண்டு கோல் அடிக்க, துனிசியா 2-0 எனத் தோற்றது. வெள்ளைக்கார கேப்டன் நீல் டோவி கோப்பையை உயர்த்தியபோது மண்டேலா உடனிருந்தார். நடப்பு சாம்பியனான நைஜீரியா வராததால் கிடைத்த வெற்றி என்று இதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. நைஜீரியா ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் கென் சாரோ-விவாவை அந்நாட்டு ராணுவ ஆட்சி 1995 நவம்பரில் தூக்கிலிட்டதை மண்டேலா கடுமையாகக் கண்டித்தார். அதையொட்டியே நைஜீரியா விலகியது. ஆப்பிரிக்காவின் அரசியல் மனசாட்சி முழுவதும் அந்தப் போட்டிக்குள் இருந்தது. 1995 ரக்பி உலகக் கோப்பை வெற்றியைத் திரைப்படம் வரை கொண்டாடிய உலகம், கறுப்பின மக்களின் சொந்த விளையாட்டான கால்பந்தில் மறு ஆண்டே வந்த இந்த வெற்றியை அதில் பாதிகூடக் கொண்டாடவில்லை என்பது என் மனக்குறை.

என் வாதத்துக்கு வலுவான சாட்சி ஜாம்பியா. 1993 ஏப்ரல் 27 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செனகலுடன் மோத அந்த அணி ராணுவ விமானத்தில் டாக்கர் நோக்கிப் புறப்பட்டது. வழியில் எரிபொருள் நிரப்ப காபோன் நாட்டின் லிப்ரவில்லில் இறங்கி, மீண்டும் கிளம்பிய சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. 18 வீரர்கள் உட்பட அதிலிருந்த 30 பேரும் மாண்டனர். நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் ஏறாத கலுஷா புவால்யாவைச் சுற்றிப் புது அணி ஒன்று சில வாரங்களில் திரட்டப்பட்டது. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே உலகக் கோப்பைக்குப் போகலாம் என்ற நிலையில் மொராக்கோவிடம் 0-1 எனத் தோற்று அந்த வாய்ப்பை இழந்தார்கள். உலகக் கோப்பையை வைத்து மட்டும் அளந்தால் ஜாம்பியாவின் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 1994 ஆப்பிரிக்கக் கோப்பையில் அதே புது அணி இறுதி ஆட்டம் வரை சென்று, முதல் கோலையும் அடித்து, நைஜீரியாவிடம் 1-2 என வீழ்ந்தது.

2012-இல் காபோனும் எக்குவடோரியல் கினியாவும் சேர்ந்து போட்டியை நடத்தின. ஜாம்பியாவின் அரையிறுதி வரையிலான ஆட்டங்கள் எல்லாம் எக்குவடோரியல் கினியாவில். இறுதி ஆட்டம் லிப்ரவில்லில். தோழர்கள் மாண்ட ஊருக்குப் போக வேண்டுமானால் ஜெயித்துக்கொண்டே போக வேண்டும். செனகலை வென்றார்கள், சூடானை வென்றார்கள், அரையிறுதியில் கானாவை வென்றார்கள். லிப்ரவில் கடற்கரையில் மலரஞ்சலி செலுத்திவிட்டு, பிப்ரவரி 12 அன்று ட்ரோக்பாவும் யாயா டூரேயும் ஆடிய ஐவரி கோஸ்ட் அணியை எதிர்கொண்டார்கள். ட்ரோக்பா பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். கோல் இன்றி 120 நிமிடம் கழிந்தது. பெனால்டி ஷூட் அவுட்டில் இரு தரப்பிலும் முதல் ஏழு பேரும் கோல் அடித்தார்கள். தங்கள் முறைக்குக் காத்திருந்த ஜாம்பிய வீரர்கள் தோளோடு தோள் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஐவரி கோஸ்டின் கோலோ டூரே தவறவிட்டார், ஜாம்பியாவின் கலாபாவும் தவறவிட்டார். ஜெர்வினோவின் பந்து வெளியே போனது. ஸ்டாப்பிலா சுன்சு அடித்த பந்து வலைக்குள் போக, 8-7 என ஜாம்பியா வென்றது. அப்போது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் கலுஷா புவால்யா.

இது வெறும் அதிர்ஷ்டம்தானே என்ற ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் போட்டி முழுவதும் ஐவரி கோஸ்ட் ஒரு கோல்கூட வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1974, 1994, 2012 என மூன்று முறை ஒரு நாட்டை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அதிர்ஷ்டம் ஆகாது. பக்கத்து நாடுகளோடு ஆண்டுக்கணக்கில் மோதிப் பழகியவர்களுக்கு எதிராளியின் பெயரைக் கேட்டு வரும் பயம் இருக்காது. கண்டக் கோப்பைகளில் சிறிய அணிகள் வெல்ல முடிவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்த வெற்றிகளால் என்ன மாறியது? 2007 ஆசியக் கோப்பையை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஷியா, சன்னி, குர்து வீரர்கள் சேர்ந்த இராக் அணி, பொறுப்பேற்று இரண்டு மாதமே ஆகியிருந்த பிரேசில் பயிற்சியாளர் ஜோர்வான் வியெராவின் கீழ் ஆடி, அரையிறுதியில் தென் கொரியாவை வென்றது. அந்த வெற்றியைக் கொண்டாடத் தெருவுக்கு வந்த மக்கள் மீது பாக்தாதில் குண்டுகள் வெடித்து ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று வீரர்கள் யோசித்ததையும், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்டு ஆட முடிவெடுத்ததையும் கேப்டன் யூனிஸ் மஹ்மூத் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜூலை 29 அன்று ஜகார்த்தாவில், குர்து வீரர் ஹவார் முல்லா முகமது அடித்த கார்னரை சன்னியான யூனிஸ் தலையால் முட்டி கோலாக்கினார். சவூதி அரேபியா 0-1 எனத் தோற்றது. அதன் பிறகும் இராக்கில் ரத்தம் சிந்துவது நிற்கவில்லை. நிற்கும் என்று அந்த வீரர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. தாங்கள் ஒரே நாட்டவர் என்று இராக்கியர்கள் தெருவில் நின்று சொல்லிக்கொள்ள ஒரு பொதுக் காரணம் அன்று கிடைத்தது. அதை வேறெவரும் அந்த நாட்களில் அவர்களுக்குத் தரவில்லை.

உலகக் கோப்பை 48 அணிகளாக விரிந்துவிட்டது, இனி எல்லோருக்கும் அங்கேயே இடம் உண்டு என்பது இப்போது கேட்கும் புது வாதம். இடம் கிடைப்பதும் கோப்பை கிடைப்பதும் ஒன்றில்லை. ஜாம்பியாவுக்கு அந்த இடம்கூட இன்றுவரை கிடைத்ததில்லை. ஆனாலும் கண்டக் கோப்பைகள்தான் மற்றவர்களுக்காக நகர்ந்துகொடுக்கின்றன. 2025 கோடையில் விரிவாக்கப்பட்ட கிளப் உலகக் கோப்பை நடந்ததால், அந்த ஆண்டின் ஆப்பிரிக்கக் கோப்பை டிசம்பர் இறுதிக்குத் தள்ளப்பட்டது. பருவத்தின் நடுவில் வீரர்களை விட வேண்டியிருக்கிறதே என்று ஐரோப்பிய கிளப்புகள் வழக்கம்போல முனகின. நாள்காட்டியில் அடுத்த முறை இடம் போதாமல் போகும்போது விட்டுக்கொடுக்க வேண்டியவை அந்த கிளப்புகள்தான்.